நிலம் அதிர்ந்தால் என்ன செய்வது? குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருக்கிற வண்டிப்பெரியார். கணவரின் வேலைக்காகச் சில வருடம் அகமதாபாத்தில் மணிநகர்ப் பக்கம் குடியிருந்தோம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற பகுதி அது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத் பூகம்பம் வந்தபோது அங்கேதான் இருந்தேன். ஊர் திரும்பி டியூஷன் எடுக்க ஆரம்பித்த பிறகு, இங்கே பாத்திரம் லேசாக ஆடினால்கூட லயத்திலிருந்தும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மலைக்குக் கீழே கம்பம் ஊரிலிருந்தும் கேள்விகள் வந்துவிடும். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். நம் பக்கம் பயமெல்லாம் முல்லைப் பெரியாறு அணை மேலேயே இருக்கிறது, தலைமாட்டில் நிற்கிற சுவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

டீச்சர், பெரிய பூகம்பம்னா உண்மையில எப்படி இருக்கும்?

முதலில் சத்தம்தான் வந்தது. வாசலில் லோடு லாரி ஒன்று இன்ஜினை நிறுத்தாமல் நிற்பது மாதிரி ஓர் உறுமல். காலை 8.46. குடியரசு தினம் என்பதால் டி.வி.யில் டெல்லி அணிவகுப்பு தொடங்கட்டும் என்று காத்திருந்தோம். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. யாரோ மாடியில் எதையோ இழுக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். அப்புறம் வந்தது பெரிய ஆட்டம். அடுப்பு மேடையில் இருந்த பால் பாத்திரம் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்து கவிழ்ந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. சுவரில் கை வைத்தால் சுவர் கையைத் தள்ளியது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அலையடித்து எங்கள் ஜன்னலுக்கு வெளியே மழையாகக் கொட்டியது. உத்தராயணத்துக்கு விட்ட பட்டங்கள் அப்போதும் கரண்ட் கம்பியில் சிக்கிக் கிடந்தன. காற்றே இல்லாமல் அவை படபடத்தன.

ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆடியது. கேட்கும்போது கொஞ்ச நேரம் என்று தோன்றும். உள்ளே இருப்பவருக்கு அது முடியவே முடியாது என்றுதான் படும்.

வெளியே வந்தபோது தெருவெல்லாம் சுண்ணாம்புத் தூசி. பக்கத்துச் சந்தில் கீழே வண்டி நிறுத்த இடம் விட்டுத் தூண்மேல் கட்டிய ஒரு நாலு மாடிக் கட்டடம். அதில் தூண்கள் மடங்கி, முதல் மாடி பால்கனி ரோட்டு மட்டத்துக்கு வந்திருந்தது. கொடியில் காயப்போட்ட துணி அப்படியே தொங்கியது. இத்தனைக்கும் பூகம்பத்தின் மையம் கட்ச் மாவட்டத்தில், பசாவ் பக்கம், எங்களிடமிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. அகமதாபாத்தில் மட்டும் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். குஜராத் முழுக்க அரசுக் கணக்கே 13,800-ஐத் தாண்டியது.

முதலில் லேசாக ஆடி அப்புறம் பலமாக ஆடுவது ஏன்?

நிலத்துக்குள்ளிருந்து இரண்டு வகை அலை கிளம்புகிறது. ஒன்று வேகமானது, பாறையில் விநாடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் போகும். உறுமலும் மெல்லிய நடுக்கமும் அதனால் வருவது. அடுத்தது விநாடிக்கு மூன்றரை கிலோமீட்டர் அளவில் பின்னால் வரும், கட்டடத்தை உலுக்குவது அதுதான். மையம் தூரத்தில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே சில விநாடியாவது கிடைக்கும். மையம் காலடியில் என்றால் அந்த அவகாசம் கிடையாது. அதனால் முதல் நடுக்கத்திலேயே அசைய வேண்டும். "நிஜமாவா ஆடுது?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றால் இருக்கிற நேரமும் போய்விடும்.

நம்ம மலையில் அந்த மாதிரி பெரியது வருமா?

நிலநடுக்கத்துக்கு நாள் குறித்துச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. நடந்ததை வைத்துப் பேசலாம். 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர், பாலக்காடு பக்கம் 6 அளவில் ஒன்று வந்தது. 1988-ல் நெடுங்கண்டம் பக்கம் 4.5. 2000 டிசம்பர் 12-ல் ஈராட்டுப்பேட்டை, பாலா பக்கம் 5, அடுத்த மாதமே 4.8. வாகமண்ணிலிருந்து மலை இறங்கினால் ஈராட்டுப்பேட்டை என்பதால் பீர்மேடு தாலுகாவே அன்று ஆடியது. 2011 ஜூலையிலிருந்து நவம்பர் வரை இடுக்கியில் சின்னச் சின்னதாகப் பலமுறை வந்தது.

5-க்கும் குஜராத்தின் 7.7-க்கும் இரண்டே முக்கால் புள்ளிகூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஒரு புள்ளி கூடினால் வெளிப்படுகிற சக்தி சுமார் 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் குஜராத்தில் வந்தது ஈராட்டுப்பேட்டையைப் போல 10,000 மடங்குக்கும் மேல்.

2002-ல் வந்த நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் கேரளம் முழுவதும் மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான ஆபத்து. அது ஆறுதல்தான். ஆனால் மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பக்கம் கில்லாரியையும் ஒரு காலத்தில் ஆடாத பூமி என்றே நினைத்தார்கள். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை நாலு மணி வாக்கில் வந்த 6.2 அளவு அதிர்வில் ஏறக்குறைய 10,000 பேர் போனார்கள். மண் குழைத்து அடுக்கிய கனமான கல் சுவர்கள், தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள். நம் பழைய லயத்துச் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர் ஞாபகம்தான் வருகிறது.

ஆடும்போது உள்ளேயே இருக்கணுமா, வெளியே ஓடணுமா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். வீட்டைப் பொறுத்துப் பதில் மாறும்.

தூண், பீம் போட்டு ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் வீடு என்றால் ஓடாதீர்கள். குனிந்து, உறுதியான மேஜைக்கோ கட்டிலுக்கோ அடியில் போய், அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேஜை நகர்ந்தால் நீங்களும் கூடவே நகர வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் உள்சுவர் ஓரம் உட்கார்ந்து தலையையும் பிடரியையும் கையால் மூடுங்கள். மாடிப்படி பக்கம் போகவே கூடாது. ஆடும்போது படியில் ஓடி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலிருந்து குதித்துக் கால் முறிந்தவர்களும் உண்டு.

பழைய கல் லயம் வேறு கதை. தரைத்தளம் மட்டும், மேலே தகர ஷீட். அங்கே கூரையால் வரும் ஆபத்தைவிடச் சுவரால் வரும் ஆபத்து அதிகம். காற்றுக்கு ஷீட் பறக்காமலிருக்க மேலே வைத்திருக்கிறோமே கற்கள், அவையும் உருளும். கதவு இரண்டு எட்டில் இருந்து, முன்னால் திறந்த முற்றமும் இருந்தால், முதல் நடுக்கத்திலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடுங்கள். வாசலில் நிற்காமல், சுவரின் உயரத்தைவிட அதிக தூரம் தள்ளிப் போக வேண்டும். லயத்துக்குப் பின்பக்கம் வெட்டிய மண்திட்டு இருக்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள். நீங்கள் உள்ளறையில் மாட்டிக்கொண்டு, ஆட்டமும் பலமாகிவிட்டதென்றால் ஓட வேண்டாம். கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுங்கள்.

கொழுந்து பறிக்கும்போது வந்தால்? ஜீப்பில் போகும்போது வந்தால்?

தேயிலைக் காட்டில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சில்வர் ஓக் மரம், கரண்ட் கம்பி, உருளக்கூடிய பாறை மூன்றையும் விட்டு விலகி உட்கார்ந்துவிடுங்கள்.

ஜீப் லோயர் கேம்ப் இறக்கத்திலோ போடிமெட்டு வளைவிலோ இருந்தால் மெதுவாக நிறுத்தச் சொல்லுங்கள், வெட்டிய பாறைக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். ஆட்டம் நின்றதும் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். தளர்ந்த கல் கொஞ்ச நேரம் கழித்தும் விழும்.

ஆட்டம் நின்றுவிட்டது. முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்யணும்?

முதலில் காலில் செருப்பு. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். எங்கள் தெருவில் அன்று காயம் பட்டவர்களில் பலருக்கு உள்ளங்காலில் கண்ணாடிதான்.

கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். விறகு அடுப்பு எரிந்தால் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். மெயின் ஸ்விட்சைப் பக்கத்தில் போக முடிந்தால் மட்டும் அணைக்கலாம். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், தீப்பெட்டி உரசாதீர்கள், வெளியே வந்து 1906-க்குக் கூப்பிடுங்கள். ஏலக்காய் ஸ்டோரில் சூளை எரிந்துகொண்டிருந்தால் அதையும் உடனே கவனிக்க வேண்டும்.

அப்புறம் ஆள் கணக்கு. லயத்தில் இது நமக்குச் சுலபம், எந்த வீட்டில் எத்தனை பேர், யார் படுத்த படுக்கை, யார் பிள்ளைத்தாய்ச்சி என்று எல்லாருக்கும் தெரியும். மணிநகர் அபார்ட்மென்ட்டில் மேல்மாடியில் ஒரு பாட்டி தனியாக இருந்தது நெடுநேரம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. காவல்காரர்தான் கடைசியில் சொன்னார். பாட்டியைப் பத்திரமாக இறக்கினோம்.

போனில் பேச முயற்சி செய்ய வேண்டாம், லைன் கிடைக்காது. "நல்லா இருக்கோம்" என்று ஒரு எஸ்.எம்.எஸ். போதும். அது காத்திருந்தாவது போய்ச் சேரும், நிஜமாகவே அடிபட்டவருக்கும் லைன் மிஞ்சும். அன்று எஸ்.டி.டி. பூத் வரிசையில் நின்று வண்டிப்பெரியாருக்குச் சொல்ல எங்களுக்கு ராத்திரி ஆகிவிட்டது. அதற்குள் இங்கே அம்மா டி.வி. பார்த்து அழுது ஓய்ந்திருந்தார்.

இடிபாட்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் நாங்கள் எடுக்கலாமா?

முதல் சில மணி நேரம் எடுப்பதற்கு அக்கம்பக்கத்தாரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் கடப்பாரையும் இரும்புச் சட்டியும் வைத்துக்கொண்டு மேஸ்திரிகளும் கல்லூரிப் பையன்களும்தான் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர் அடிக்கடி கையைத் தூக்குவார். உடனே தெருவே மூச்சுவிடாமல் நிற்கும். ஸ்கூட்டர்கூட அணைத்துவிடுவார்கள். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார்கள். அப்படித்தான் ஒரு சிறுவன் இருக்கும் இடம் தெரிந்தது.

எடுக்கும்போது மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். அடியில் இருப்பதை உருவினால் மீதி சரியும். ஒருவர் வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், மறுபடி ஆடினால் குரல் கொடுக்க. கையோ காலோ கனமான கல்லுக்கடியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நசுங்கிக் கிடந்தால், மருத்துவ உதவி வரும்வரை அவசரப்பட்டுக் கல்லைப் புரட்டாதீர்கள். நசுங்கிய தசையின் நஞ்சு ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கும். வெளியே வந்து பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று போய்விடுவது இதனால்தான். தீயோ, மேலும் சரியும் ஆபத்தோ இருந்தால் காத்திருக்க முடியாது, அப்போது எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நீங்களே உள்ளே மாட்டிக்கொண்டால் கத்திக் கத்திக் களைக்காதீர்கள், தூசி நெஞ்சை அடைக்கும். துணியால் மூக்கை மூடிக்கொண்டு, கையில் கிடைத்ததால் சுவரிலோ குழாயிலோ விட்டு விட்டுத் தட்டுங்கள்.

பின்னதிர்வு எத்தனை நாள் வரும்? வீட்டுக்குள் எப்போது போகலாம்?

முதல் நாள் நிறைய வரும், நாள் போகப் போகக் குறையும். பெரும்பாலும் முதலில் வந்ததைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் சின்னது என்று அலட்சியம் கூடாது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-ல் 7.8 வந்தது, மே 12-ல் 7.3. முதலில் விரிசல் விட்டு நின்ற வீடுகள் இரண்டாவதில் விழுந்தன.

மூலையில் குறுக்காக ஓடும் விரிசல், வெளிப்பக்கம் உப்பிய சுவர், திடீரென்று இறுகிக்கொண்ட கதவு, இதில் ஏதாவது இருந்தால் பொறியாளர் பார்க்கும்வரை உள்ளே படுக்காதீர்கள். பூச்சில் மட்டும் மயிரிழைக் கோடு என்றால் பெரும்பாலும் பயமில்லை. சுவர் வெடித்திருக்கிறதா, பூச்சு மட்டும்தானா என்று சுரண்டிப் பார்த்தால் தெரியும்.

மணிநகரில் ஜனவரிக் குளிரில் தெருவே வெளியில் படுத்தது. குடிநீரும் கழிப்பிடமும்தான் பெரிய பாடு. அதைவிடப் பெரிய பாடு வதந்தி. ராத்திரி இத்தனை மணிக்கு இன்னொன்று வரும் என்று யாராவது கிளப்பிவிடுவார்கள், தூங்கிய குழந்தைகளையெல்லாம் எழுப்பிக்கொண்டு ஓடுவோம். மணி குறித்துச் சொல்கிற எந்தச் செய்தியும் பொய். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வந்தாலும் பொய்தான். கரண்ட் போனால் கோடை எப்.எம். கேட்க ஒரு சின்ன பேட்டரி ரேடியோ வீட்டில் இருக்கட்டும்.

முல்லைப் பெரியாறு அணை என்ன ஆகும்?

நான் பொறியாளர் இல்லை. அணை தாங்கும், தாங்காது என்று தீர்ப்புச் சொல்வதற்கு நான் யார்? அது தண்ணீருக்கு நிற்கிற தேனிக்காரருக்கும், கீழே வல்லக்கடவில் குடியிருக்கிறவருக்கும் உயிர்ப் பிரச்சினை. எனக்கு இரண்டு பக்கமும் சொந்தம் இருக்கிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். பென்னிகுயிக் கட்டிய அணை 1895-லிருந்து நிற்கிறது, சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) சேர்த்த கட்டு. 1979-க்குப் பிறகு மேலே கான்கிரீட் கனம் ஏற்றி, இரும்பு வடம் இறக்கி, பின்பக்கம் கான்கிரீட் அணைத்துப் பலப்படுத்தினார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. பெரிய நீர்த்தேக்கத்தின் கனத்தால் நிலநடுக்கம் தூண்டப்படுவதும் உண்டு. 1967 டிசம்பர் 11-ல் மகாராஷ்டிரத்தில் கொய்னா அணைப் பக்கம் வந்தது அதற்குப் பேர்போன உதாரணம். ஏறக்குறைய 180 பேர் இறந்தார்கள். அணையில் விரிசல் கண்டது, உடையவில்லை.

பெரியாற்றங்கரையில் வல்லக்கடவு, வண்டிப்பெரியார், சப்பாத்து, உப்புத்தறை என்று குடியிருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ராத்திரி இருட்டில், பிள்ளைகளோடு, ஆற்றை விட்டு மேட்டுக்கு நடந்தே ஏறும் பாதை எது என்று இன்றைக்கே போய்ப் பார்த்துவையுங்கள். வண்டிப் பாதை வேண்டாம், ஒரே நேரத்தில் எல்லாரும் ஜீப் எடுத்தால் ரோடு அடைத்துக்கொள்ளும். பலமாக ஆடி நின்றால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டில் போய் உட்காருவதில் நஷ்டமில்லை. அறிவிப்பு மலையாளத்தில் வரும். லயத்து வயசாளிகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011-ல் வந்த அதிர்வுகள் சின்னவை. ஆனால் அதற்குப் பின்னால் வந்த பயமும் பேச்சும் சேர்ந்து, அந்த டிசம்பரில் குமுளி எல்லையே மூடிக்கிடந்தது. வண்டிகள் அடிபட்டன, ஏலத்தோட்டத்து வேலைக்காரக் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மலை இறங்கின. நிலம் ஆடிய ராத்திரியில் அணையைப் பற்றி உறுதியில்லாத ஒரு ஆடியோவை ஃபார்வர்டு பண்ணாதீர்கள். கைகூப்பிக் கேட்கிறேன்.

நிலச்சரிவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, மழைக்காலத்தில் ஆடினால் நம் மலைக்கு அதுதான் பெரிய பயம். நனைந்த சரிவைக் குலுக்கினால் கிளம்பிவிடும். ஆனால் நிலநடுக்கமே இல்லாமலும் சரியும் என்பதற்கு 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நடந்தது சாட்சி. 70 உயிர், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். 2024 ஜூலை 30 வயநாடு சரிவுக்குப் பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் பூமிக்கடியில் முழக்கமும் அதிர்வும் கேட்டதாக ஜனங்கள் சொன்னார்கள். நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை என்று தேசிய நில அதிர்வு மையம் தெரிவித்தது. கருவியில் பதியாவிட்டாலும் சத்தம் கேட்டால் விலகுவதுதான் சரி. மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கி வரும் ஊற்று, சட்டென்று வற்றிய ஓடை, இதில் எதைக் கண்டாலும் ஓடைப் பாதையை விட்டுப் பக்கவாட்டில் ஏறுங்கள்.

யாருக்குப் போன் பண்ணணும்?

எதற்கும் 112. ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மொபைலில் எஸ்.டி.டி. கோடு சேர்க்க வேண்டும். நம் பீர்மேடு கோடு 04869, ஆனால் கலெக்டரேட் பைனாவில் இருப்பதால் 04862 போட்டு 1077. தேனிக்கு 04546 போட்டு 1077. மலைப்பாதை அடைத்தால் கம்பம் ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது, கோட்டயத்துக்கும் போக முடியாது. ஒரு நாளாவது நம்மை நாமே பார்த்துக்கொள்ளும்படி தண்ணீர், மருந்து, டார்ச், காயம் கட்டத் துணி இருக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு வாரத்து மாத்திரையைத் தனியாக எடுத்துவையுங்கள்.

லயம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். எங்களால் என்ன செய்ய முடியும்?

காசு செலவில்லாமல் இன்றைக்கே சில காரியம் முடியும். கட்டிலைக் கல் சுவரை விட்டு நகர்த்துங்கள், தலைமாட்டுக்கு மேல் அலமாரியோ டி.வி.யோ சாமி படமோ இருக்கக் கூடாது. பாத்திர ஸ்டாண்டைச் சுவரோடு கம்பி போட்டுக் கட்டுங்கள். சிலிண்டரையும் அப்படியே. ஷீட் மேல் கல்லுக்குப் பதில் ஜே போல்ட் (கொக்கி மாதிரி வளைந்த போல்ட்) போட்டு இறுக்கச் சொல்லுங்கள். கதவுக்கு முன்னால் விறகு அடுக்காதீர்கள். உப்பிய சுவரை போனில் படம் எடுத்து, தேதி எழுதி, தொழிற்சங்கம் வழியாக எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

சொந்தமாக வீடு கட்டுகிறவர்களுக்கு: அடித்தளத்திலும் கதவு, ஜன்னலின் மேல்மட்டத்திலும் கூரை மட்டத்திலும் நாலு சுவரையும் சுற்றி அறுபடாத கான்கிரீட் பெல்ட் போடுங்கள். கல் சுவர் என்றால் முழு அகலத்துக்கும் குறுக்குக் கல் வைக்கச் சொல்லுங்கள். தூண் கம்பியின் வளையத்து நுனியை உள்பக்கமாக நன்றாக மடக்க வேண்டும். குமுளி, தேக்கடியில் சரிவில் உயரமான தூண் நிறுத்தி, கீழே கார், மேலே மூன்று மாடி என்று ஹோம்ஸ்டே எழும்புவதைப் பார்க்கிறேன். கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் வெறும் தூண் நின்றால் ஆட்டம் முழுவதும் அந்தத் தூண்களில் இறங்கும். அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை இப்படிக் கட்டியவைதான். கீழேயும் சில இடத்தில் கான்கிரீட் சுவர் கொடுக்கச் சொல்லி இன்ஜினியரிடம் கேளுங்கள். கூடுதல் செலவு என்பார்கள், விடாதீர்கள்.

ஆடி முடிந்து நாளாகியும் பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பெரியவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். படுத்திருக்கும்போது கட்டில் ஆடுவது மாதிரி எனக்கும் வெகுநாள் தோன்றிக்கொண்டே இருந்தது. டம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொள்வேன், அசையாமல்தான் இருக்கும். பிள்ளையை அதட்டாதீர்கள், டி.வி.யில் இடிபாட்டைத் திரும்பத் திரும்பக் காட்டாதீர்கள். பள்ளிக்கூடம் திறந்தவுடனே அனுப்புங்கள். ஆடினால் எங்கே ஒளிய வேண்டும், எங்கே வந்து நிற்க வேண்டும் என்று விளையாட்டாகப் பழக்குங்கள், தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பையும் கொடுங்கள். சில வாரம் ஆகியும் சாப்பாடு, பேச்சு குறைந்தே இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் பேசலாம், காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள்.